குதிகாலுக்கு அடியில் ஒரு கட்டை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அதன் உரிமையாளரும் ஒரே பயிற்றுநரும் இளவரசு. நாற்பதைக் கடந்தவர்; தொடை பெருத்தவர்; அத்தொடைகளை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக மார்கழிப் பனியிலும் அரைக்கால் சட்டை அணிபவர். ஒருமுறை துக்க வீட்டுக்கும் அதே கோலத்தில் மாலையோடு வந்து நின்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அவர் கால்களைப் பார்த்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் எங்கள் தெருக்காரர் அல்லர். திருவதிகைப் பக்கத்திலிருந்து வந்தவர். தில்லையம்மாளை மணந்து, மாமியார் பட்டம்மாளின் வீட்டில் குடியேறி, மாமியாருக்குச் சொந்தமான கிடங்கில் முன்பு அடுக்கியிருந்த மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளை அகற்றிவிட்டு இரும்புத் தட்டுகளை அடுக்கியவர். வீட்டோடு மாப்பிள்ளை. வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தெருவில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘பட்டம்மா வூட்டு மாப்ள’ என்பதுதான் அவருக்கு முகவரி. வாசலில் தொங்கிய பலகையில் தம் பெயரைத் தம் தொடை அளவுக்குப் பெரிதாக எழுதிவைத்தும் பயனில்லை. பால் ஊற்றுபவர்கூட, “பட்டம்மா வூட்டு மாப்ள ஜிம்மா? நேரா போங்க” என்றுதான் வழி சொல்வார்.

முழங்கால் வலிக்கு மருத்துவர் பயிற்சி பரிந்துரைத்ததால் ஓய்வுபெற்ற பின் நானும் அந்தக் கூடத்தில் சேர்ந்தேன். நில அளவைத் துறையில் பணியாற்றியவன் என்பதால் எதையும் நேர்கோடு, சாய்வு, செங்குத்து என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கண்ணுக்கு இளவரசு நல்ல தீனியாக இருந்தார்.

அவருடைய உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பயிற்சி. ஸ்குவாட்ஸ். இரு பாதங்களையும் இணையாக ஊன்றி, தோளில் பாரத்தை வைத்துக்கொண்டு குந்தி எழுவது. சளி பிடித்தவனுக்கும் ஸ்குவாட்ஸ், தோள் வலிக்காரனுக்கும் ஸ்குவாட்ஸ், தேர்வில் தவறியவனுக்கும் ஸ்குவாட்ஸ். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவன் பணிவாகக் கேட்டான்.

“அண்ணே, லஞ்சஸ் போடலாமாண்ணே? கால்பந்துக்கு நல்லதுன்னு சொல்றாங்க.”

“எவன் சொன்னான்?” என்றார் இளவரசு. “அது பொம்பளைங்க ஐட்டம்டா. ஒரு கால முன்னாடி வுட்டு, ஒரு கால பின்னாடி வுட்டு, என்னா, வாசல்ல கோலம் போடப் போறியா? ரெண்டு காலும் சமமா வச்சி குந்து. எழுந்திரு. அவ்ளோதான் உலகம்.”

கூடம் சிரித்தது. தில்லையம்மாள் உள்ளே தண்ணீர்க் குடம் வைக்க வந்திருந்தாள். “பொம்பளைங்க ஐட்டம்னா இங்க எத்தன பொம்பள வந்து சேந்துருக்காங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒருத்தியும் சேர்ந்திருக்கவில்லை.

மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு காலை முன்னே நீட்டி வைத்து, பின்காலின் முழங்கால் தரையை நெருங்கும்வரை இறங்கி எழுவது லஞ்சஸ். இரண்டிலும் வேலை செய்வது அதே தொடை, அதே இடுப்பு, அதே பின்புறத் தசை. வேறுபடுவது அடித்தளம். ஸ்குவாட்ஸில் பாரத்தை இரு கால்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே மிகுதியாகத் தூக்கலாம். ஆனால் உடம்பின் உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பாதத்தின் நீளத்துக்குள்தான் விழ வேண்டும்; முன்னேயோ பின்னேயோ சற்று விலகினாலும் ஆள் சாய்வான். லஞ்சஸில் அடித்தளம் முன்பின்னாக நீள்கிறது. சரிவிலும் ஓட்டத்திலும் திடீரென்று நிற்பதிலும் அது கைகொடுக்கும். பக்கவாட்டில் குறுகிவிடுவதால் ஒவ்வொரு காலும் தன்னைத் தானே நிறுத்தப் பழக வேண்டும். பாரம் குறையும், தடுமாற்றம் கூடும். வலுவான கால் பலவீனமான காலை மறைத்துக் காப்பாற்ற முடியாது. இதைப் புரிந்துகொள்ளப் பேரறிவு வேண்டியதில்லை. இளவரசுவுக்கு இருந்த அளவே போதும்; அதையும் அவர் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்தாததற்குக் காரணம் அவருடைய இடது கணுக்காலில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து அதை முறித்துக்கொண்டார். மருத்துவர் குறித்த நாளுக்கு முன்பே, தாமே அரிவாள்மனையில் மாவுக்கட்டைப் பிளந்து எடுத்தார். ஆணழகன் போட்டிக்குப் படம் எடுக்க வேண்டியிருந்ததாம். போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. கணுக்கால் மட்டும் அந்தப் படத்தின் நினைவாக விறைத்தே நின்றுவிட்டது. முன்னோக்கி மடங்காது, விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கினால் நடுங்கும். லஞ்சஸில் அவர் கால் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். அதனால் லஞ்சஸ் பெண்களுடையதாயிற்று.

ஸ்குவாட்ஸுக்கும் கணுக்கால் மடங்க வேண்டுமே என்று கேட்கலாம். அதற்குத்தான் கட்டை. வேப்பமரத்தில் சீவிய, சாய்வான ஒரு கட்டையைக் குதிகால்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் நின்றுதான் குந்துவார். குதிகால் உயர்ந்துவிட்டால் கணுக்கால் அவ்வளவாக மடங்க வேண்டியதில்லை. “இது வெளிநாட்டு டெக்னிக்கு” என்பார். கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும், நல்ல கணுக்கால் உள்ளவர்களும், தச்சரிடம் சொல்லி ஆளுக்கு ஒரு கட்டை செய்துகொண்டார்கள். ஒருவரின் ஊனத்துக்கு ஊரே ஊன்றுகோல் செய்துகொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருக்கு ஓர் எதிரி இருந்தார்: சொந்த மச்சான், தில்லையம்மாளின் அண்ணன் சடையப்பன். சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கூடம் நடத்துபவர். அங்கே லஞ்சஸ் தவிர வேறு பேச்சில்லை. இருவரும் ஒரே நாளில் ஒரே சான்றிதழ் பெற்றவர்கள். சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் இரண்டு நாள் முகாம் நடந்தது. முதல் நாள் ஸ்குவாட்ஸ், மறுநாள் லஞ்சஸ். உள்ளூர்க்காரரான சடையப்பன் முதல் நாள் தூங்கி எழுந்து வருவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. இளவரசு மறுநாள் பிரியாணிக்குப் பிறகு நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். முகாமின் ஒரு பாதியைக் கடலூரும் மறு பாதியைச் சிதம்பரமும் பெற்றுக்கொண்டன. இரண்டு பாதிகளும் சந்திக்கும்போதெல்லாம் சண்டை.

இனி அம்மன் சப்பரத்தின் வாரைக்கு வருகிறேன். மாசி மகத்தன்று எங்கள் தெரு அம்மன் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவாள். கெடிலம் பாலத்தைக் கடந்து கடற்கரைச் சாலைவரை டிராக்டர். மணல் தொடங்கும் இடத்திலிருந்து தோள். சப்பரத்தைத் தாங்கும் நீண்ட மரங்களை வாரை என்போம். நீர்விளிம்பை அடைந்ததும் அம்மன் கடலுக்கு மும்முறை தலைசாய்க்க வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். முன்வாரையின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் வலக்காலை முன்வைத்து, இடமுட்டி மணலைத் தொடும்வரை இறங்கி எழுவார்கள். பின்வாரைக்காரர்கள் நிமிர்ந்தே நிற்பார்கள். சப்பரம் முன்னே சாயும், அம்மன் வணங்குவாள். முன்வாரைக்காரருக்குப் பரிவட்டம் கட்டி, தெருமுனையில் பெயர் சொல்லி அழைப்பார்கள். ‘இன்னார் வூட்டு மாப்ள’ என்று அழைப்பதில்லை, பெயரைத்தான் சொல்வார்கள்.

முன்வாரையின் வலமுனை நெடுங்காலமாகச் சடையப்பனுடையது. சென்ற ஆண்டு அவருக்கு வலத்தோள் பிசகிவிட்டது. இடம் காலியானது என்று தெரிந்த அன்றே இளவரசு, விழாக் குழுத் தலைவர் ஞானசேகரனின் மருந்துக் கடைக்குப் போய் நின்றார். நான் அங்கே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

“மாமா, முன்வார எனக்கு வுடுங்க.”

“யோசிக்கணும் மாப்ள. மணல்ல முட்டி போட்டு எழுந்திருக்கணும். பழக்கம் இருக்கா?”

“என்னா மாமா இப்டி கேக்குறீங்க? நூத்தியிருவது கிலோ வச்சி குந்தி எழுந்திருக்கிறவன் நானு. அம்மன் என்னா, அம்பது கிலோ வருமா எம் பங்குக்கு?”

“கிலோவ கேக்கல. முட்டிய கேக்கறேன். ஒரு ஒத்திக பாத்துருவமா?”

“ஒத்திகயா! மாமா, ஜிம்முக்கு வர்ற பசங்க கேட்டா சிரிப்பானுங்க.”

ஞானசேகரன் என்னைப் பார்த்தார். நான் மாத்திரையின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். கேட்டால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தை முறிக்க அவருக்கும் மனம் வரவில்லை. இடம் கொடுக்கப்பட்டது.

அன்று முதல் இளவரசு தரையில் நடக்கவில்லை. புதிய பட்டு வேட்டி வாங்கினார். பெரிய எழுத்தில் தம் பெயரும், குந்திய நிலையில் தம் படமும், மூலையில் சிறிதாக அம்மனும் உள்ள பதாகை தெருமுனையில் எழுந்தது. பட்டம்மாள் அதைக் கையால் நிழல் கட்டிப் பார்த்துவிட்டு, “கக்கூசுக்குப் போற படத்த ஏண்டி போட்டு வச்சிருக்கான்?” என்று மகளிடம் கேட்டாள். தெரு முழுவதும் கேட்டது. அவர் பொருட்படுத்தவில்லை. இந்த ஒரு மாசி மகம் முடிந்துவிட்டால் தெரு தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் என்ற நம்பிக்கை அவரை எதையும் தாங்கவைத்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சடையப்பன் வந்தார்; துண்டில் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

“மாப்ள, லஞ்சஸ் போட்டு பாத்தியா?”

“அதெல்லாம் உங்க சிதம்பரத்துக்கு, மச்சான். இது கடலூரு.”

“கடலூருல மணலு வேற மாதிரி இருக்குமா? ஒரு தடவ எறங்கிக் காட்டு. நான் பாக்கறேன்.”

“நீங்க பாத்து நான் பாஸாவணுமா? முன்னாடி உங்க காலப் பாருங்க. கொக்கு கணக்கா இருக்கு.”

“கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும் மாப்ள. நீ நிப்பியா?”

இளவரசு கட்டையை இழுத்து வைத்து, அதன்மேல் ஏறி, பாரத்தைத் தோளில் ஏற்றி, குந்தி எழுந்து காட்டினார். அதுவே அவருக்குத் தெரிந்த ஒரே மறுமொழி. சடையப்பன் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அறிவாளி அல்லர். ஆனாலும் கண்ணில் பட்டதைப் பிற்பாடு வசைக்குப் பயன்படுத்தும் திறமை அவருக்கு உண்டு.

மாசி மகத்தன்று கடற்கரையில் பல ஊர்த் தெய்வங்கள் வரிசையாக நின்றன. எங்கள் அம்மன் மணலில் இறங்கியபோது முன்வாரையின் வலமுனையில் இளவரசு இருந்தார். நேராக நடக்கும்வரை குறையொன்றும் இல்லை; பாரம் தாங்குவதில் அவர் வல்லவர்தான். நீர்விளிம்பில் சப்பரம் நின்றது. மேளம் மாறியது. இடமுனைக்காரர் வலக்காலை முன்வைத்து இறங்கத் தொடங்கினார்.

இளவரசுவும் வலக்காலை முன்வைத்தார். பின்னே இருந்த இடப்பாதத்தின் விரல்கள் மணலில் ஊன்றின, குதிகால் எழுந்தது, கணுக்கால் நடுங்கியது. அதை அவர் உடனே உணர்ந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த நொடியில் அறிவுள்ளவன் அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பான். அவர் வலக்காலை இழுத்து இடக்காலுக்கு இணையாக வைத்துக் குந்தினார். குதிகால் புதையும் ஈர மணல், தோளில் அம்மன், குதிகாலுக்கு அடியில் கட்டை இல்லை. பின்னால் சாய்ந்து, பட்டு வேட்டியோடு பொத்தென்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சப்பரம் வலப்பக்கம் சரிந்தது. குடை கழன்று நீரில் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். கையைக் கட்டியிருந்த சடையப்பன் துண்டை உதறிவிட்டு உள்ளே புகுந்து, பிசகாத இடத்தோளை வாரைக்குக் கொடுத்து, ஒரு காலை முன்வைத்து நிலைநிறுத்தினார். அம்மனுக்கும் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. மும்முறை தலைசாய்த்தலையும் அவரே முடித்துவைத்தார். முடித்த பிறகுதான் கீழே பார்த்தார்.

“என்னா மாப்ள, கட்டைய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?”

பயந்து போயிருந்த கூட்டம் அந்தப் பயத்தையெல்லாம் சிரித்துத் தீர்த்தது. அடுத்த தெய்வத்தின் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். இளவரசு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, எவரும் கேட்காமலே, “மணலு சரியில்ல” என்றார். பிறகு என்னிடம் வந்து, “நீங்களே சொல்லுங்க சார், ஈரம் ஜாஸ்தி இல்ல?” என்று கேட்டார். ஈரம் கடலுக்கு இயல்பு என்றேன்.

அன்று மாலையே தெரு அவருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டது: கட்ட மாப்ள. பட்டம்மாளின் வீட்டையும் அந்தப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சடையப்பனோ வலத்தோளின் பிசகு இடத்தோளின் வீரத்தால் குணமாகிவிட்டதுபோல், இரு கைகளையும் வீசிக்கொண்டு ஒரு வாரம் தெருவில் உலவிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டு வளைகாப்புக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தபோது சடையப்பனின் கூடத்தின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

“முட்டிய எறக்கு மாப்ள! கயித்த வுடு! அத என்னா தாலிக்கயிறு மாரி புடிச்சிகினு நிக்கிற?”

குனிந்து பார்த்தேன். உத்தரத்தில் கட்டிய கயிற்றை ஒரு கையால் பற்றிக்கொண்டு, ஒரு காலை முன்வைத்து, நடுங்கும் இடக்காலைப் பின்னே ஊன்றி, இளவரசு இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. பாதி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் மோதினார். மீண்டும் நின்றார். மீண்டும் இறங்கினார். என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டார். விட்ட மாத்திரத்தில் கீழே விழுந்தார்.

“சார், கடலூர்ல சொல்லிராதீங்க சார்.”

“எதை?”

“இதத்தான். ஞாயித்துக்கெழம எனக்கு நெய்வேலில ஒரு வேலன்னு வூட்டுல சொல்லியிருக்கேன்.”

“எந் தங்கச்சி தில்லைக்கே தெரியாது சார்,” என்றார் சடையப்பன், மகிழ்ச்சி தாளாமல். “வாரா வாரம் வர்றாரு. எங்கிட்ட கத்துக்குறாரு. ஆனா நான் ஸ்குவாட்ஸ் போடணும்னா கத்துத் தர மாட்டேங்குறாரு.”

“நீங்க கேட்டாதான மச்சான்.”

“நான் ஏன் கேக்கணும்?”

இப்படியாக ஒருவர் கற்றுக்கொண்டும் மதிக்கவில்லை. மற்றவர் கற்கவே இல்லை. மறுநாள் காலை கடலூரில் இளவரசு வழக்கம்போல் கூடத்தின் நடுவில் நின்று, “லஞ்சஸெல்லாம் பொம்பளைங்க ஐட்டம்” என்று முழங்கினார். என் கண்ணைச் சந்திக்கவில்லை. அவர் குதிகாலுக்கு அடியில் இருந்த கட்டை மட்டும் பழையதில் பாதித் தடிமன்கூட இல்லை. என்னைத் தவிர எவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கூடத்தில் சேர்வதில்லை.

இந்த ஆண்டு மாசி மகம் நெருங்கியதும் அவர் மறுபடியும் ஞானசேகரனிடம் போனார்.

“முன்வார மச்சானுக்கே இருக்கட்டும் மாமா. எனக்கு எதாச்சும் ஒரு எடம் குடுங்க.”

“பின்வாரயில நில்லு. அங்க முட்டி போடுற வேலயே கெடயாது. சும்மா நிமிந்து நின்னா போதும். நிப்ப இல்ல?”

“நிப்பேன் மாமா.”

பரிவட்டம் கிடையாது; பெயர் சொல்லி அழைப்பதும் கிடையாது. ஆயினும் ஒப்புக்கொண்டார். பதாகையும் வைக்கவில்லை. மனிதர் திருந்திவிட்டாரோ என்று ஓரிரு நாள் நானே ஐயுற்றேன்.

நீர்விளிம்பில் சப்பரம் நின்றது. மேளம் மாறியது. முன்வாரையில் சடையப்பனும் இடமுனைக்காரரும் இறங்கினார்கள். கூட்டத்தின் கண்ணெல்லாம் முன்னே இருந்தது. என் கண் பின்னே இருந்தது. இளவரசுவின் வலக்கால் மெல்ல ஓரடி முன்னே நகர்ந்தது. இடக்கால் பின்னே ஊன்றியது. கணுக்கால் நடுங்கவில்லை. அவர் இறங்கினார்; சப்பரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடாமலிருக்கப் பின்வாரையின் மறுமுனைக்காரரும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று.

அம்மன் வணங்கவில்லை. முன்னே இறங்கிய அளவுக்குப் பின்னேயும் இறங்கிவிட்டதால் சப்பரம் மட்டமாகவே தாழ்ந்து மட்டமாகவே எழுந்தது. கடல் எதிரே நிற்க, அம்மன் தலை நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கத்தில் முதன்முறையாக ஒரு வணக்கம் தவறியது.

“பின்னாடி எவன்டா அவன் முட்டி போடுறவன்?” என்று ஞானசேகரன் கத்தினார். “இளவரசு! டேய் இளவரசு! எழுந்திருடா!”

தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த மனுசன நிமிந்து நில்லுன்னா மடக்குவாரு, மடக்குன்னா குந்துவாரு.”

எந்தப் பயிற்சி எந்த இடத்துக்கு உரியது என்பதை அவர் இன்றுவரை கற்கவில்லை. கற்பார் என்றும் நான் நம்பவில்லை. ஆயினும் அளந்து பழகியவன் அளந்ததைச் சொல்ல வேண்டும். அது பிழையற்ற லஞ்சஸ். தலை, இடுப்பு, மணலைத் தொட்ட முழங்கால் மூன்றும் ஒரே தூக்குக்குண்டு நூலில் நின்றன. அவர் எழவும் அவசரப்படவில்லை. கடற்கரை முழுவதும் கேட்கத் தம் பெயர் திரும்பத் திரும்ப அழைக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு, முட்டியிட்டபடியே இருந்தார்.